கோல்ஃபுக்கு உடம்பைத் தயார் செய்ய: ஸ்ட்ரெச்சிங்கா, யோகாவா, கர்லாக்கட்டையா, ஜிம்மா?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். துறைமுகம், சுங்கத்துறை, கப்பல் ஏஜென்சி, மணலி ஆலை என்று எங்காவது வேலை பார்ப்பவர்கள். பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியபிறகு மட்டையைக் கையில் எடுத்தவர்கள். வாரம் முழுக்க நாற்காலியும் காருமாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி, ராஜாஜி சாலை, கடற்கரை சாலை என்று தெற்கே போய், நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் டிக்கியைத் திறந்து பையை இறக்குகிறார்கள். பத்து நிமிடத்தில் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடம்) நின்று டிரைவரை, அதாவது பந்தைத் தூரமாக அடிக்கும் நீள மட்டையை, வீசுகிறார்கள். அவ்வளவு தூரம் உட்கார்ந்தே வந்த இடுப்பு இன்னும் விறைப்பாகத்தான் இருக்கும்.

நான் தண்டையார்பேட்டையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன், கோல்ஃபும் ஆடுகிறேன் என்பதால் இவர்கள் என்னிடம் வருவதுண்டு. கேள்வி எப்போதும் ஒன்றுதான். "உடம்பு திரும்பவே மாட்டேங்குது மாஸ்டர். யோகால சேரட்டுமா, ஜிம்முக்குப் போகட்டுமா, இல்ல வீட்லயே ஏதாவது ஸ்ட்ரெச்சிங் பண்ணிக்கட்டுமா?" நான் கர்லாக்கட்டை (கைப்பிடி உள்ள கனமான மரக்கட்டை) சுற்றுவதைப் பார்த்தவர்கள், "இது நமக்கு சரிப்பட்டு வருமா?" என்றும் சேர்த்துக் கேட்பார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கர்லாக்கட்டையும், இடுப்புக்கென்று ஒரே ஒரு பயிற்சியும் போதும். எல்லோருக்கும் அது பொருந்தாது. உடம்பில் எந்த இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். அதைப் பார்க்காமல் வகுப்பில் பணம் கட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது.

எது திரும்பவேண்டும்?

மட்டை பின்னால் ஏறி (இதுதான் பேக்ஸ்விங்) உச்சியில் நிற்கும்போது, நன்றாக ஆடுகிறவரின் தோள்கள் ஏறத்தாழ 90 டிகிரி திரும்பியிருக்கும். இடுப்பு அதில் பாதி, 45 டிகிரி அளவுக்கு. இந்த வித்தியாசத்துக்கு 'எக்ஸ் ஃபேக்டர்' என்று பெயர் வைத்து 1992-ல் பிரபலமாக்கியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் முறுக்கு ஏறினால் அது பந்துக்கு வேகமாகப் போய்ச் சேரும் என்பது கருத்து. கருத்து சரிதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு இடுப்பை அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதுகை மட்டும் முறுக்கினால் என்ன ஆகும்?

கீழ்முதுகில் ஐந்து எலும்புகள். அவற்றின் மூட்டுகள் குனிவதற்கும் நிமிர்வதற்கும் அமைந்தவை. ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குப் பத்து டிகிரி சொச்சம் திரும்பினால் அதிகம். அதற்கு மேலே, விலா எலும்புகள் வந்து சேர்கிற பன்னிரண்டு எலும்புகள் இருக்கின்றன. அங்கே 30, 35 டிகிரி வரை கிடைக்கும். மீதியெல்லாம் தொடை எலும்பு இடுப்புக் குழியில் சுழல்வதால் வருவது. ஆக, திரும்புகிற வேலை இடுப்பு மூட்டுக்கும் மேல்முதுகுக்கும் உரியது. இரண்டும் இறுகிப்போனால் நடுவில் இருக்கிற கீழ்முதுகு தனக்கில்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும். பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் அதிகம் சொல்லும் வலி கீழ்முதுகு வலிதான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதிலும் வலது கையால் ஆடுகிறவருக்கு இடது இடுப்பு முக்கியம். அடித்து முடிக்கும்போது உடம்பு மொத்தமும் இடது காலின் மேல் ஏறிச் சுழல்கிறது. அப்போது இடது தொடை இடுப்புக் குழிக்குள் உள்பக்கமாகத் திரும்பவேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், முதுகு வலி வந்தவர்களுக்கு இந்த உள்சுழற்சி குறைந்திருந்தது தெரியவந்தது. தினமும் ஆடுகிறவர்களுக்கே அப்படியென்றால், வாரத்துக்கு ஆறு நாள் நாற்காலியில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா என்று பார்ப்பதுதான் நம்மவர்களுக்குத் தெரிந்த பரிசோதனை. பள்ளிக்கூட டிரில் வகுப்பிலிருந்து வந்த பழக்கம். கோல்ஃபுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. விரலைத் தொடுகிற எத்தனையோ பேர் பேக்ஸ்விங்கில் பாதி தூரம்கூடப் போவதில்லை.

வீட்டிலேயே அளந்து பார்ப்பது

மேல்முதுகுக்கு: நேராக நாற்காலியில் உட்காருங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்து இடுக்கிக்கொள்ளுங்கள். அப்போது இடுப்பு கூடவே திரும்பி ஏமாற்றாது. ஒரு மட்டையை இரண்டு தோளுக்கும் குறுக்கே மார்போடு சேர்த்துக் கையால் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திரும்புங்கள். தரையில் சதுர டைல்ஸ் இருந்தால் வேறு கருவி வேண்டாம். நாற்காலியை டைல் கோட்டுக்கு நேராகப் போட்டால், டைலின் மூலைவிட்டம்தான் 45 டிகிரி. மட்டை அந்த மூலைவிட்டத்துக்கு இணையாக வந்துவிட்டால் கோல்ஃபுக்குப் போதுமான திருப்பம் இருக்கிறது.

இடுப்புக்கு: கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள். தொடையை அசைக்காமல், ஒரு பக்கப் பிருஷ்டத்தையும் தூக்காமல், இடது பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக உயர்த்துங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை உள்ளே சுழல்கிறது. 35 முதல் 45 டிகிரி வந்தால் நல்லது. அதில் பாதியிலேயே நின்றுவிட்டால் பிரச்சினை அங்கேதான். வலது காலுக்கும் பாருங்கள், பேக்ஸ்விங்குக்கு அது வேண்டும்.

இந்த இரண்டையும் பார்த்தபிறகு மேலே படிப்பது நல்லது. இரண்டுமே சரியாக இருந்தால் உங்கள் சிக்கல் உடம்பில் இல்லை, ஸ்விங்கில், அதாவது மட்டையை வீசும் விதத்தில் இருக்கிறது. நல்ல பயிற்சியாளரிடம் போய், பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் நேரம் செலவழிப்பதே சரி.

நின்று பிடித்து இழுக்கும் ஸ்ட்ரெச்சிங்

செலவே இல்லாத வழி. ஒரு தசையை நீட்டி, அங்கேயே 30 விநாடி பிடித்து, விட்டு, மறுபடி ஒரு முறை. வாரத்தில் மூன்று நாளாவது செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். தசையே நீண்டுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு: அந்த இழுப்பு ஆபத்தில்லை என்று நரம்பு மண்டலம் பழகிக்கொண்டு, முன்பைவிடத் தூரம் போக விடுகிறது. அதனால்தான் விட்டுவிட்டால் சீக்கிரமே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இதில் நேரம்தான் முக்கியம். ஆட்டத்துக்குச் சற்று முன்பு நீண்ட நேரம் பிடித்து இழுத்தால் கெடுதல். இளம் போட்டி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனைகளில், இப்படிச் செய்தபிறகு மட்டையின் வேகமும் பந்து போன தூரமும் குறைந்தன. 5-அயர்ன் என்ற நடுத்தர தூர மட்டையை வைத்து நடந்த இன்னொரு சோதனையில், அசைந்து செய்யும் ஸ்ட்ரெச்சிங்குக்குப் பிறகுதான் மட்டையும் பந்தும் அதிக வேகம் பெற்றன. பிடித்து இழுத்தவர்களும் ஒன்றும் செய்யாதவர்களும் அதற்குப் பின்னால்தான். ஒரே தசையை மொத்தம் 60 விநாடிக்கு மேல் பிடிக்கும்போதுதான் பலம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைகிறது என்பது பொதுவாக ஆய்வுகள் காட்டுவது. கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு அப்புறம் நன்றாக அசைந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்கு முதல் டீ பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்துக்கொண்டிருப்பதில் லாபம் ஒன்றும் கிடையாது. அதை ராத்திரி படுக்கப்போகும் முன் செய்யுங்கள்.

இன்னொரு குறை: இது தூரத்தைக் கொடுக்கும், அந்தத் தூரத்தில் கட்டுப்பாட்டைக் கொடுக்காது. ஸ்விங் ஒரு விநாடி சொச்சத்தில் முடிகிற காரியம். மெதுவாக இழுத்துச் சம்பாதித்த தூரத்தை அந்த வேகத்தில் உடம்பு நம்பிப் பயன்படுத்தாது. வேகமாகவும் அந்த இடத்துக்குப் போய் வந்து பழகவேண்டும்.

யோகா

வடசென்னையில் யோகாவுக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சிப் பூங்காக்களில் காலையில் துண்டை விரித்துச் செய்கிறவர்களைப் பார்க்கலாம், மொட்டைமாடி வகுப்புகளும் உண்டு. கூட்டமாகச் செய்வதால் விடாமல் போவார்கள். மூச்சு சீராகும். கடைசி நான்கு குழியில் பதற்றத்தில் தோளை இறுக்கிக்கொள்கிறவருக்கு மூச்சுப் பயிற்சி செய்கிற உதவியை வேறு எதுவும் செய்யாது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் வழக்கமான வகுப்பில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளும் முன்னால் குனிவதும் பின்னால் வளைவதும்தான். பக்கவாட்டில் திரும்புவது அதில் கிட்டத்தட்ட இல்லை. தினமும் சூரிய நமஸ்காரம் செய்துவிட்டு, 'இவ்வளவு செய்தும் தோள் திரும்பவில்லையே' என்று வருத்தப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். செய்தது வீணில்லை, அவர்களுக்கு வேண்டியது அதில் இல்லை, அவ்வளவுதான். ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லி, உட்கார்ந்து திரும்பும் வக்ராசனம், இடுப்பைத் திறக்கும் புறா ஆசனம் போன்றவற்றைக் கேட்டு வாங்கவேண்டும்.

அதிலும் ஒரு எச்சரிக்கை. தரையில் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் முட்டுக்கொடுத்து நெம்பித் திரும்புகிற ஆசனங்களில் இடுப்பு தரையில் பூட்டப்பட்டிருக்கிறது. மேல்முதுகு இறுகியவர் அங்கே நெம்பினால் கீழ்முதுகுதான் முறுகும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே பயிற்சி செய்வதாக ஆகிவிடும். கையை நெம்புகோலாக்காமல், மூச்சு விட விட எவ்வளவு தானாகத் திரும்புகிறதோ அவ்வளவு போதும். ஆசனத்துக்காக ஆளை வளைக்காமல் ஆளுக்காக ஆசனத்தை மாற்றுவது சென்னைக்குப் புதிதில்லை. யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் வந்தவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அவர் பெயரில் 1976-ல் இங்கே தொடங்கிய யோக மந்திரம் இன்றும் நடக்கிறது. அப்படித் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லித்தருகிற ஆசிரியர் பக்கத்தில் கிடைத்தால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள். நாற்பது பேருக்கு மைக்கில் சொல்லும் வகுப்பென்றால் கோல்ஃபுக்காகச் சேராதீர்கள், வேறு நல்லது எவ்வளவோ இருக்கலாம்.

இயல்பிலேயே உடம்பு நன்றாக வளைகிறவர்களும் இருக்கிறார்கள், பெண்களில் இன்னும் அதிகம். அவர்கள் மேலும் வளைவதற்காக யோகாவுக்குப் போகவேண்டாம். அவர்களுக்கு வேண்டியது பலம்.

கர்லாக்கட்டை

சிலம்பமும் குத்துச்சண்டையும் ஊறிய பகுதி இது. பழைய வாத்தியார்களிடம் கட்டை இருக்கும். பார்க்க எளிமையாக இருக்கிறது என்பதாலேயே இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆங்கிலேயப் படையினர் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அமெரிக்கா வரை பரவி, 1904, 1932 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸின் கீழ் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது.

ஒரு சுற்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். வலது கையில் கட்டையைப் பிடித்து, தோளுக்கு முன்னால் நிமிர்த்தி நிறுத்துங்கள். கால்கள் தோள் அகலத்துக்கு. இப்போது முழங்கையை மேலே கூரையைப் பார்க்கிற மாதிரி தூக்குங்கள். கட்டையின் தலை தானாக முதுகுக்குப் பின்னால் தொங்கும். அதன் கனத்திலேயே அது இடது தோள்பட்டைப் பக்கமிருந்து வலது பக்கத்துக்கு முதுகை ஒட்டி நகரட்டும். அப்படியே சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்கட்டும். கைப்பலத்தால் இழுத்தால் முரட்டுத்தனமாக வரும், கட்டையின் போக்குக்கு விட்டால் வழுவழுவென்று வரும். கை தலையைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் அக்குள் முழுக்கத் திறக்கிறது, விலாவின் பக்கம் நீள்கிறது, மேல்முதுகு கூனல் விட்டு நிமிர்கிறது. பேக்ஸ்விங்கின் உச்சியில் வலது தோளுக்கும் இடது விலாவுக்கும் வேண்டியது ஏறக்குறைய இதேதான்.

இரண்டு கையாலும் ஒரே கட்டையைப் பிடித்துச் சுற்றுவது இன்னும் நெருக்கம். கையின் பிடி, மணிக்கட்டு மடங்குவது, எடை பின்னால் போய்த் திரும்பி வரும் தாளம் எல்லாமே மட்டை வீசுவதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. தூரமும் கிடைக்கிறது, அந்தத் தூரத்தில் கனத்தை அடக்குகிற பலமும் கூடவே கிடைக்கிறது. பிடித்து இழுக்கும் ஸ்ட்ரெச்சிங்கில் இல்லை என்று மேலே சொன்னேனே, அது இதில் இருக்கிறது. வலது, இடது இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றுவதால், ஒரே பக்கமாக ஆடி ஆடிக் கோணிப்போகிற உடம்புக்கு மாற்றாகவும் அமைகிறது.

எடை விஷயத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஜிம் பழக்கம் உள்ளவர் எடுத்த எடுப்பில் ஐந்து, ஆறு கிலோ கட்டையைத் தேடுவார். நம் டிரைவரின் எடை 300 கிராம் சொச்சம். ஒன்றரை, இரண்டு கிலோவில் தொடங்கினால் தாராளம். கனத்தைக் கூட்டினால் உடம்பு சுற்றைக் குறுக்கிக்கொள்ளும், அப்புறம் திருப்பத்துக்காகச் செய்கிற பலனே போய்விடும். தோள் ஏற்கெனவே வலிக்கிறவர், கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாதவர், மருத்துவரைப் பார்க்காமல் கட்டையைத் தொடக்கூடாது. இன்னொன்று, வீட்டுக்குள் வேண்டாம். நம் தெருக்களில் வீடுகளின் கூரை உயரத்துக்கு ஃபேன் றெக்கை கட்டைக்கு எட்டிவிடும். மொட்டைமாடிதான் இதற்கு இடம், காலையில் கடல் காற்றும் கிடைக்கும்.

குறை என்னவென்றால், கால்கள் ஊன்றியே நிற்பதால் இடுப்பு மூட்டின் உள்சுழற்சிக்கு இது அதிகம் உதவாது. அதற்குத் தனியாக ஒன்று வேண்டும். நான் எல்லோருக்கும் சொல்லித்தருவது: தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, முழங்கால்களை மடித்து, பாதங்களை அகலமாக வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு முழங்காலையும் சேர்ந்தாற்போல் இடது பக்கம் சாய்த்துத் தரையைத் தொடவிடுங்கள், அப்புறம் வலது பக்கம். சாய்ந்த இடத்தில், உள்பக்கம் மடிந்திருக்கிற காலின் பாதத்தை ஒரு மூச்சு நேரம் தரையிலிருந்து தூக்க முயலுங்கள். முதலில் பாதம் அசையவே அசையாது, தொடையின் பக்கவாட்டில் சுளுக்குப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு மாதத்தில் ஓர் அங்குலம் எழும்பும். அந்த ஓர் அங்குலம் மைதானத்தில் தெரியும். முழங்காலில் வலி உள்ளவர்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு இதைச் செய்யலாம்.

ஜிம்

'வெயிட் தூக்கினால் உடம்பு இறுகிவிடும்' என்ற பயம் இன்னும் போகவில்லை. அது ஆதாரமில்லாத பயம். மூட்டு முழுத் தூரமும் போய் வருகிற மாதிரி எடை தூக்கினால், ஸ்ட்ரெச்சிங் கொடுக்கும் அளவுக்கே வளைவுத்தன்மையும் கூடுகிறது என்று 2021-ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. முழுக்க உட்கார்ந்து எழும் பஸ்கி, காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச், குனிந்து தூக்கும் டெட்லிஃப்ட் போதும். அரைப் பஸ்கி போட்டுக் கனத்தைக் கூட்டுகிறவருக்குத்தான் இறுக்கம் வரும். பந்து தூரமாகப் போகவேண்டும் என்பதே உங்கள் முதல் ஆசை என்றால், அளந்து பார்த்ததில் திருப்பமும் சரியாக இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் ஜிம்முக்குப் போங்கள். வேகத்துக்கு வேண்டிய பலம் அங்கேதான் இருக்கிறது.

உடம்பை விட்டுவிட்டு நிற்கும் முறையை மாற்றினால்?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அறுபதை நெருங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இடது இடுப்பு உள்ளே சுழலவில்லையா? பந்தின் முன் நிற்கும்போதே இடது பாதத்தின் முன்பகுதியை இலக்கின் பக்கம் 20, 30 டிகிரி திறந்து வையுங்கள். திரும்பவேண்டிய தூரத்தில் ஒரு பங்கு நிற்கும்போதே கிடைத்துவிடுகிறது. பேக்ஸ்விங் ஏறவில்லையென்றால் வலது பாதத்தையும் கொஞ்சம் திறக்கலாம், இடது குதிகாலைத் தரையிலிருந்து எழும்ப விடலாம். குதிகாலைத் தூக்கினால் தப்பு என்று சொல்கிறவர்கள் அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் ஆடியதைப் பார்க்கவேண்டும். குதிகாலைத் தாராளமாக எழுப்பி ஆடியவர் அவர். 1986-ல் தன் 46-ஆம் வயதில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியின் பட்டத்தை வென்றார்.

பேக்ஸ்விங் நீளமாக இருந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஸ்பெயினின் ஜான் ராம் பிறவியிலேயே வலது பாதம் வளைந்து பிறந்தவர். அந்தக் கணுக்கால் அதிகம் அசையாது. அதற்கேற்ப ஸ்விங்கைக் குறுகலாக வைத்துக்கொண்டவர், 2021-ல் யு.எஸ். ஓப்பனையும் 2023-ல் மாஸ்டர்ஸையும் வென்றார். தன் உடம்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்குள் பலமாக அடிக்கிறார். நம்மில் பலர் அதற்கு நேரெதிராகச் செய்கிறோம்: திரும்பாத உடம்பை வைத்துக்கொண்டு டிவியில் பார்த்த நீளத்துக்கு மட்டையை ஏற்ற, முழங்கை மடிந்து, தலை தூக்கி, முதுகு சரிந்து போகிறது.

இதன் பலன் அன்றைக்கே கிடைக்கும். ஆனால் நாற்பத்தைந்து வயதில் பாதத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு உடம்பை விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. வருடா வருடம் இறுக்கம் கூடிக்கொண்டே போகும், திறப்பதற்குப் பாதம் இரண்டுதான்.

மைதானத்தில் இறங்கியதும்

மேலே உள்ளவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் டீக்கு முன்னால் செய்யும் வார்ம்-அப் தனி. ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது. வடசென்னையிலிருந்து காரில் வருகிறவருக்கு இது இரட்டிப்பாக வேண்டும். மெட்ரோவில் விம்கோ நகரிலிருந்து நந்தனத்துக்கு மாறாமலே வந்துவிடலாம், ரேஞ்சுக்கு ஒன்றிரண்டு மட்டையோடு வருகிற நாளில் ஸ்டேஷனிலிருந்து நடப்பதே பாதி வார்ம்-அப் ஆகிவிடும்.

மார்கழிக் காலையில் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் உடம்பு சூடாவதற்கு அதிகம் தேவையில்லை, ஆனால் சூடான தசையும் உட்கார்ந்தே வந்த இடுப்பும் வேறு வேறு. வேகமாக ஒரு நடை. மட்டையை ஊன்றிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும், அப்புறம் பக்கவாட்டில் வீசுவது. மட்டையைத் தோளுக்குப் பின்னால் வைத்து, குதிகாலைத் தூக்கவிட்டு இரண்டு பக்கமும் திரும்புவது. முதலில் மெதுவாக, போகப்போக வேகமாக. கடைசியில் வெறும் ஸ்விங், பாதி வேகத்தில் தொடங்கி முழு வேகம் வரை, இடது கைக்காரர் மாதிரி எதிர்ப்பக்கமும் சில. ஸ்பெயினின் மிகேல் ஏஞ்சல் ஹிமேனஸ் ரேஞ்சில் முழங்கால்களைச் சேர்த்துவைத்து வட்டமாகச் சுழற்றுவதை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். 2014-ல் 50 வயதில் ஸ்பானிஷ் ஓப்பனை வென்று, ஐரோப்பிய டூரில் பட்டம் வென்ற மிக வயதானவர் ஆனார். பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று கூச்சப்படாமல் அந்த மாதிரி செய்யவேண்டும்.

மைதானத்தில் மட்டைப் பையைத் தூக்கிவரும் கேடிகள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆள் பந்துக்குமுன் நின்ற உடனே, "சார், இன்னும் இடுப்பு வரல சார், நாலு வெறும் ஸ்விங் போட்டுட்டு வாங்க" என்று சொல்கிற கேடி கிடைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அப்படியென்றால் யாருக்கு எது?

நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள், அலுவலக வேலை, தோளில் வலி இல்லை, டைல்ஸ் அளவில் மேல்முதுகு மூலைவிட்டத்தைத் தொடவில்லை: கர்லாக்கட்டை, கூடவே முழங்காலைச் சாய்க்கும் அந்த இடுப்புப் பயிற்சி. தினமும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மாதச் சந்தா இல்லை. வாத்தியார் ஒருவரிடம் முதல் சில சுற்றுகளையாவது நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோவில் முழங்கையின் உயரம் சரியாகப் பிடிபடாது.

மேல்முதுகு சரி, இடுப்பு மட்டும் வரவில்லை என்றால் கட்டை தேவையில்லை. இடுப்புப் பயிற்சியும், ராத்திரியில் புறா ஆசனத்தை 30 விநாடி பிடிப்பதுமே போதும். பாதத்தையும் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள். தனியாகச் செய்தால் இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிற சுபாவம் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் யோகா வகுப்புக்குப் போகலாம். சிறந்த பயிற்சியை எப்போதாவது செய்வதைவிடச் சுமாரான பயிற்சியை விடாமல் செய்கிறவருக்குத்தான் உடம்பு திறக்கிறது, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தோள் வலிக்காரருக்கும் கட்டையைவிட யோகாதான். முப்பதுகளில் இருப்பவருக்கு ஜிம்.

கீழ்முதுகு வலி ஏற்கெனவே இருந்து, அது காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ இந்தப் பட்டியலில் எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி அதே நாற்காலி, அதே கட்டில் விளிம்பு என்று அளந்து பாருங்கள். மேல்முதுகு நிச்சயம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இடுப்பு சிலருக்கு நகராது. தொடை எலும்பும் இடுப்புக் குழியும் சேரும் விதமே ஆளுக்கு ஆள் வேறு; எலும்போடு எலும்பு முட்டுகிற இடத்தில் எந்தப் பயிற்சியும் வழி திறக்காது, அழுத்தினால் கவட்டியின் முன்பக்கம் குத்தும். அந்தக் குத்தல் வருகிறவர்கள் இடுப்புப் பயிற்சியை அந்த அளவோடு நிறுத்திவிட்டு, இடது பாதத்தை 30 டிகிரி திறந்து நின்று ஆடுங்கள்.